இருபத்தொரு நொடி

நான்கு நிமிடம் இருபது நொடி.
கைப்பேசியில் அளந்தேன்.
பயனர் பெயர், கடவுச்சொல், எண்டர்.
அப்புறம் திரை நடுவே ஒரு வட்டம்
செக்குமாடாய்ச் சுற்றுகிறது.

கோபாலபுரத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம்,
தென்னைநார்த் தூளைக் கட்டியாக்கிக்
கப்பலேற்றும் கம்பெனி.
கீழே தூள் காயும் களம், மேலே சர்வர் அறை.
ஏசி வடிகட்டியைத் தட்டினால்
பழுப்பாய் அரைக் கைப்பிடி உதிர்கிறது.
அதுதான் காரணம் என்றார் வாட்ச்மேன்.
டீ கொண்டுவந்த பையன் வைரஸ் என்றான்.
மேனேஜர் நாச்சிமுத்து மட்டும் உருப்படியாய்ச் சொன்னார்:
"ரிப்போர்ட்டெல்லாம் சல்லுனு வருதுங்க.
இந்த அட்மின் கன்சோலைத் தொறக்கறக்குள்ளதான்
உசுரு போவுது."

நான் அதைக் காதில் வாங்கவில்லை.
முதல் நாள் முழுக்க
எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன்.
மெமரியை இரட்டித்தேன். நான்கு இருபது.
ஜாவாவைப் புதுப்பித்தேன். நான்கு இருபத்தொன்று.
வட்டில் பாதி காலி,
பிராசசர் மூன்று சதவீதத்தில் உறங்குகிறது.
ரீஸ்டார்ட், எங்கள் தொழிலின் திருநீறு,
அதையும் பூசிப் பார்த்தாயிற்று.
நான்கு இருபது.

களைத்த எந்திரம் தடுமாறும்,
இன்றைக்கு நாலு, நாளைக்கு ஏழு என்று.
இது சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரம் எடுக்கிறது.

சாயங்காலம் மீனாட்சிபுரத்தில் பரோட்டா தின்னப் போனேன்.
முன்னால் வைக்கோல் லாரி.
வரிச் சோதனைச்சாவடி இருந்த இடத்தில்
வேகம் குறைந்து ஊர்ந்தது.
சாவடி எடுத்து வருசக்கணக்காகிறது.
தகரக் கூரைக்குக் கீழே ஆடு படுத்திருந்தது.
டிரைவரின் கை தானாகக்
காகிதக் கட்டுக்குப் போய்
சும்மா திரும்பி வந்தது.
பரோட்டா ஆறிப்போகும்வரை
அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லாகை முழுசாகத் திறந்துவிட்டேன்.

9:14:02 கேட்கிறேன்
9:14:23 பதில் இல்லை
9:14:23 கேட்கிறேன்
9:14:44 பதில் இல்லை

பன்னிரண்டு தடவை.
இருபத்தொன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால்
இருநூற்று ஐம்பத்திரண்டு நொடி.
மிச்சம் எட்டு. அதுதான் நிஜமான வேலை.

"இது யாரோட அட்ரஸ்?"
கணக்குப் பிரிவு சுலைகா எட்டிப் பார்த்தாள்.
தினமும் பஸ்ஸில் எல்லை தாண்டி வருகிறவள்.
"அய்யோ, கொழிஞ்சாம்பாறை குடோன் சர்வரல்லே!
குடோன் பூட்டி மூணு வருசமாச்சு.
பெட்டிய நான்தான் எடைக்குப் போட்டேன்,
பதினெட்டு கிலோ."

மெனுவில் பன்னிரண்டு ஃபோல்டர்.
ஒவ்வொன்றும் திறக்குமுன்
பழைய இரும்பாகிப்போன பெட்டியிடம் அனுமதி கேட்டு
இருபத்தொரு நொடி நின்றுவிட்டு
அப்புறம் வெட்கமில்லாமல் அடுத்த வாசலுக்குப் போகிறது.

கட்டமைப்புக் கோப்பு, நாற்பத்தேழாம் வரி.
அழிக்கவில்லை, எதையும் அழிக்கிற பழக்கமில்லை.
வரிக்கு முன்னால் ஒரு வேலிக்குறி போட்டேன்.
இனி இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள்.

எட்டு நொடி.

நாச்சிமுத்து மூன்று தடவை திறந்து மூடினார்.
"ஒத்தை எழுத்துக்கு ரெண்டு நாள் கூலியுங்களா?"
பில்லில் ஐந்நூறு குறைத்தேன்.

சுலைகா முகத்தில் மட்டும் சந்தோசமே இல்லை.
அவள் மேசை டிராயர் பாதி திறந்து கிடந்தது,
உள்ளே தடித்த மலையாள ராங்க் ஃபைல்,
பி.எஸ்.சி. பரீட்சைக்கு.
"காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா
கன்சோல் தொறப்பேன்.
ஒரு வட்டத்துக்கு நாலு கேள்வி.
வீட்ல போனா எங்க சார் நேரம்?
ஆயிரத்து நூத்தி நாப்பது முடிச்சாச்சு.
பரீட்சை அடுத்த மாசம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"நீங்க ஒரு மாசம் பிந்தி வந்திருக்கலாமே."

அஞ்சரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது
ஒரு துண்டுச் சீட்டில்
கோப்பின் பெயரும் 47 என்ற எண்ணும் எழுதி
அவள் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தேன்.
நாச்சிமுத்து ஜன்னலில் லாரி எண்ணிக்கொண்டிருந்தார்.